வரலாற்றுத் தேர்வு: சனிக்கிழமை சேர்ந்து படிக்கலாம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் அமெரிக்க வரலாற்றுத் தேர்வு நெருங்கிவிட்டது. ஏப்ரல் 25, சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நூலக அறையில் கூடுகிறோம்.

1. பாடம்: 1607 ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் முதல் 1783 பாரிஸ் உடன்படிக்கை வரை. நோட்டு அவசியம்.

2. 1773 பாஸ்டன் தேநீர்ப் போராட்டத்தை வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள். தேயிலை விலை ஏறியதால் கோபம் என்றே நிறையப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை மலிவானது. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் பிரதிநிதி இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று அமெரிக்கக் குடியேற்ற மக்கள் கேட்டதுதான் சண்டை. 342 தேயிலைப் பெட்டிகள் தண்ணீரில் விழுந்தது அதற்காக.

3. 1765 முத்திரை வரிச் சட்டத்தையும் பார்க்கட்டும்.

4. வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பிள்ளையின் பெயரை இங்கே போடுங்கள். அப்புறம், சுண்டல் கொண்டுவர ஒருவர் வேண்டும்.