மீதிப் பாதியையும் எழுதுங்கள்: தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்களுக்கு மண்டபத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எங்கள் தொகுதி உறுப்பினர் ஒருவரிடம் மட்டும் சொல்லித் தீரக்கூடிய காரியம் இல்லை இது. மண்டபத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, படகு மானியம், இலங்கைச் சிறையில் இருக்கும் மகனை மீட்டுத் தரக் கோரும் விண்ணப்பம் என எல்லாம் எழுதுவேன். எந்தப் பிரிவைக் காட்டினால் மனு எந்த மேசையைத் தாண்டும் என்பது ஓரளவு அத்துபடி. ஒரே ஒரு வகை மனுவுக்குத்தான் காட்டுவதற்குப் பிரிவு கிடைப்பதில்லை. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் குடியுரிமை கேட்கும் மனு அது.

உலகமெங்கும் இப்போது எல்லையை வைத்துத்தான் சண்டை. எல்லைச் சோதனையை ஒழித்துவிட்டதாகப் பெருமை பேசிய ஷெங்கன் நாடுகளில் ஒன்றான ஜெர்மனி, 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பப் போகிறோம் என்று கிளம்பிய பிரிட்டன், ஆட்சி மாறியதும் அந்தத் திட்டத்தைக் கைகழுவியது. அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் மெக்சிகோ எல்லை வராத நாள் இல்லை. திற என்று ஒரு கூட்டம், பூட்டு என்று ஒரு கூட்டம். இங்கேயும் அந்தக் குரல் கேட்கிறது. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்கும் உள்ள அகதிகளையெல்லாம் ஏற்றுக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் குறிப்பிட்டது. இராமேசுவரம் போகும் வழியெங்கும் சேதுபதிகள் சத்திரம் கட்டி வைத்த சீமையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். சத்திரத்தில் எவரும் முப்பத்தைந்து வருடம் படுத்துக் கிடப்பதில்லை. பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்து, இன்னும் வழிப்போக்கன் என்றே பேரேட்டில் எழுதுவதும் இல்லை.

எல்லையே வேண்டாம் என்று கேட்பவன் நான் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு மீனவர்களின் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். மேடையில் யாரும் சொல்வதில்லை. அந்த மீனவர்களும் தமிழர்கள்தான். 2017-இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தபோது அவர்களுக்கு அந்தக் கடல் எல்லை ஒரு காப்பாக இருந்தது. கோடு எதற்கும் உதவாது என்று அவர்களிடம் போய் நான் பேச முடியாது.

அதே சமயம், திறந்த எல்லை என்றாலே நாடு குடிமுழுகிப் போகும் என்று பதறுவதும் பொய்ப் பதற்றம். 1950 ஒப்பந்தத்தின் பேரில் நேபாளத்தோடு 1,700 கிலோமீட்டருக்கு மேல் திறந்த எல்லையை வைத்திருக்கும் நாடு இது. கச்சத்தீவை விட்டுக்கொடுத்த அதே 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, அந்தோணியார் கோயிலுக்குப் போகும் நம் பக்தர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்கக்கூடாது என்கிறது. ஆக, எங்கே திறப்பது, யாருக்குத் திறப்பது என்பதை அரசுகள் வேண்டியபடி முடிவு செய்துகொண்டுதான் இருக்கின்றன. நான் கேட்பது அதுவும் இல்லை. வாசல் பற்றிய சண்டை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நடக்கட்டும். எப்போதோ உள்ளே வந்து, எண்ணப்பட்டு, பதியப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன பதில் என்பதுதான் என் கேள்வி.

மண்டபம் முகாமின் கதையை உங்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டியது இலங்கை அரசு. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன நம் சனங்களை இங்கே சில நாள் தங்கவைத்து, அம்மையோ காலராவோ இல்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். ரயில் நிலையத்தின் பெயரே இன்றும் மண்டபம் கேம்ப். அப்படிப் போனவர்களின் வாரிசுகளை 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை, ஆளுக்குப் பாதி என்று 1974-இல் பிரித்துக்கொண்டார்கள். அப்போது இந்தியாவுக்கு வந்தவர்கள் தங்கியதும் மண்டபத்தில்தான். 1983-க்குப் பிறகு போரிலிருந்து தப்பிப் படகேறி வந்தவர்கள் இறங்கியதும் இங்கேதான். அவர்களில் மலையகத்தார், அதாவது அந்தத் தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்கள், கணிசம். பாட்டனைச் சோதித்து அனுப்பிய அதே வளாகத்தில் பேரன் பதிவட்டையோடு நிற்கிறான் என்றால், அவனை எந்த ஊர்க்காரன் என்று எழுதுவது?

இனி சட்டம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தால் போதும், குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, அவர் பிறப்பால் இந்தியரே என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் சொன்னது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு பூட்டும் சேர்ந்தது. ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக்கூடாது. உயிருக்குப் பயந்து கடவுச்சீட்டில்லாமல் வள்ளத்தில் வந்திறங்கியவர் சட்டத்தின் கண்ணில் அதுதான்.

இது நடைமுறையில் என்ன செய்கிறது தெரியுமா? பாம்பனில் ஒரு வீடு. அப்பா இந்த ஊர் மீனவர், அம்மா வள்ளத்தில் வந்திறங்கி முகாமில் வளர்ந்தவர். மூத்தவன் 2003-இல் பிறந்தான், இளையவன் 2006-இல். சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்தால் அண்ணன் இந்தியன், தம்பி இந்தியன் இல்லை. ஒரே வீடு, ஒரே குடும்ப அட்டை, ஒரே பள்ளிக்கூடம். இளையவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் கடவுச்சீட்டு கேட்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. கேட்டதும் அம்மாவின் பழைய பதிவு வெளியே வந்துவிடுகிறது. இந்த வீட்டுக்கு நான் எழுதிய மனு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்பதை விட்டுவிடுகிறேன். அதிகாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் இருக்கும் சட்டம் அப்படி.

நான் கேட்பது இனிமேல்தான் வருகிறது. 2015 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் 2014 டிசம்பர் 31-க்குள் வந்த சிறுபான்மையினர் மீது, ஆவணம் இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை என்றது. அடுத்த ஆண்டு ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. அது முதல் பாதி. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தின் 2(1)(ஆ) பிரிவில் ஒரு காப்புரையை (விதிவிலக்கு வாசகத்தை)ச் சேர்த்து, அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என்று நாடாளுமன்றம் எழுதியது. அது மறு பாதி. 2024 மார்ச்சில் விதிகளும் வந்தன.

இலங்கைத் தமிழருக்கு அந்த முதல் பாதி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தோடு சேர்ந்து வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்டவர்களை அந்த ஆவண விதிகளிலிருந்து விடுவித்தது. 2014 டிசம்பர் 31, 2015 ஜனவரி 9 என்ற இரு தேதிகளுக்கும் இடைவெளி பத்து நாள்கூட இல்லை. அந்த ஆணையில் இலங்கைத் தமிழருக்கான பகுதியில் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 2019 சட்டத்தை மதத்தின் பெயரால் பிரிக்கிறது என்று எதிர்த்தவர்கள் உங்களில் உண்டு. எதிர்த்தது நியாயம் என்றே நினைக்கிறேன். இலங்கைத் தமிழரையும் அந்தக் காப்புரையில் சேர்க்கும் திருத்தத்துக்கு அந்தத் தடை இல்லையே. வாக்கியம் தயாராக இருக்கிறது, தேதி தயாராக இருக்கிறது, பெயர்ப்பட்டியல் வருவாய்த் துறையிடமும் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவிடமும் இருக்கிறது. மாநிலம் முழுக்க, முகாமிலும், முகாமுக்கு வெளியே தங்கிப் பதிந்துகொண்டவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 90,000 பேர். இவர்கள் அளவுக்குத் தணிக்கை செய்யப்பட்டவர்கள் இந்த நாட்டில் வேறு யார்?

1991-ஐ யாராவது நினைவூட்டுவார்கள். திருப்பெரும்புதூரில் நடந்தது கொடுமை. அதன் பிறகு இறுகிய கண்காணிப்பை இந்த மக்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகச் சுமந்துவிட்டார்கள். சந்தேகப்பட ஆள் இருந்தால் ஆளை விசாரியுங்கள். 2010-இல் பிறந்த குழந்தையை அல்ல. இவர்களுக்குக் கொடுத்தால் இன்னும் படகு வரும் என்பார்கள். தேதி வைத்த சட்டத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை. அந்தத் தேதி சிலருக்குக் கொடுமையாகவும் இருக்கும். 2022 மார்ச் முதல், இலங்கையில் பாலும் அரிசியும் எரிபொருளும் எட்டாத விலைக்குப் போனபோது, கைக்குழந்தையோடு மணல் தீடையில் இறக்கிவிடப்பட்டு வெயிலில் காத்திருந்தவர்கள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முழு அகதிகள் சட்டம் வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2015-இல் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) சட்டமாகவில்லை. அது தனிப் போராட்டம். அதை இதோடு கட்டினால் இரண்டும் கரை சேராது.

திரும்பிப் போக விரும்புவோரும் முகாமில் இருக்கிறார்கள். போகட்டும், கௌரவமாகப் போகட்டும். ஆனால் பெற்றோர் போக ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக, இங்கே பிறந்து இங்கே படித்தவனையும் சேர்த்துக் கப்பலேற்றும் பேச்சு வேண்டாம்.

மாநில அரசு 2021-இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது, வீடும் கட்டிக் கொடுத்தது. நல்ல வீடுகள்தான், குறை சொல்ல மாட்டேன். குடியுரிமை மட்டும் சென்னையின் கையில் இல்லை. அது உங்கள் அவையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கு ஒதுக்கப்படுகிறது. 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமாகவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். முதல் பாதியைக் கொடுத்த அரசு மறு பாதியை ஏன் மறுக்கிறது என்பது அவைக்குறிப்பில் ஏறும். கச்சத்தீவைப் பற்றிப் பேச உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியைக் கொடுத்தாலே போதும். காப்புரையின் வரைவு ஒரு பக்கத்தைத் தாண்டாது, நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். அடுத்த கூட்டத்தொடருக்குள் உங்களில் ஒருவராவது அறிவிப்புக் கொடுத்துவிட்டு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
மண்டபத்து மனு எழுத்தர் ஒருவர்