சித்தப்பாவுக்கு: நேபாளம் ஏன் நம் சொல்பேச்சு கேட்பதில்லை?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

குடும்பக் குழுவில் நீங்கள் போட்டிருந்த குரல்பதிவைக் கேட்டேன். "உப்பிலிருந்து பெட்ரோல் வரை நாம்தான் கொடுக்கிறோம், குடுமி நம் கையில் இருக்கிறது, இருந்தும் காத்மாண்டுவில் நாடாளுமன்றம் பற்றி எரிந்தபோது டெல்லி ஏன் வேடிக்கை பார்த்தது?" என்று கேட்டிருந்தீர்கள். அங்கேயே பதில் சொன்னால் பெரியப்பா வீட்டுப் பையன்கள் கைதட்டும் படத்தை அனுப்பிப் பேச்சை முடித்துவிடுவார்கள். உங்கள் கேள்வியை வேறு பலரும் கேட்டுக்கொண்டிருப்பதால் இங்கே பொதுவிலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

குடுமி நம் கையில் இருப்பது உண்மைதான். நேபாளத்துக்கு மூன்று பக்கமும் இந்தியா, நான்காவது பக்கம் இமயமலை. கடல்வழிச் சரக்கு பெரும்பாலும் கொல்கத்தாவில் இறங்கித்தான் போகிறது. பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் இந்தியன் ஆயில் நிறுவனம் கொடுப்பவை. அவர்கள் பணத்தின் மதிப்பே நம் ரூபாயோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது: நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய், 1993 முதல் அதே கணக்கு. இத்தனை பிடிகள் இருந்தால் யாருக்கும் ஒருமுறை இழுத்துப் பார்க்கத் தோன்றும். இழுத்தும் பார்த்தாயிற்று, சித்தப்பா. ஒன்றுக்கு மேற்பட்ட முறை.

1989-இல் ராஜீவ் காந்தி இழுத்தார். மன்னர் பீரேந்திரா சீனாவிடம் ஆயுதம் வாங்கியது டெல்லிக்குப் பிடிக்கவில்லை. வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானதும் இரண்டே இரண்டு எல்லை வாசல்களைத் தவிர மற்றவை மூடப்பட்டன. நேபாளம் திண்டாடியது. ஆனால் சிக்கல் தீர்வதற்குள் ராஜீவ் ஆட்சியை இழந்துவிட்டார். 1990-இல் காத்மாண்டு வீதிகளில் எழுந்த இயக்கம் மன்னரின் தனி அதிகாரத்தையும் முடித்துவைத்தது. முற்றுகை மன்னரைப் பலவீனப்படுத்தியது என்று சொல்லலாம். டெல்லி நினைத்ததை நடத்திக்காட்டியது என்று சொல்ல முடியாது.

2015-ஐக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் மோடி காத்மாண்டு போனார். இந்தியப் பிரதமர் ஒருவர் அங்கே இருதரப்புப் பயணம் போய் 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியபோது மேசையைத் தட்டி ஆரவாரித்தார்கள். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்து ஒன்பதாயிரம் பேர் அளவில் இறந்தபோது, சில மணி நேரத்துக்குள் நம் விமானங்கள் உதவியோடு போய் இறங்கின. இந்திய எதிர்ப்பே அரசியல் முதலீடாக இருக்கும் ஊரில் இப்படி ஒரு நல்ல பெயர் அடிக்கடி கிடைக்காது.

அந்தப் பெயர் ஐந்தே மாதத்தில் போயிற்று. நேபாளத் தலைவர்கள் புதிய அரசியலமைப்பை அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகள், மாகாண எல்லையிலும் குடியுரிமையிலும் தங்களுக்கு அநீதி நடக்கிறது என்று போராடினார்கள். பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் குறையில் நியாயம் இருந்தது என்பதுதான் என் கருத்தும். செப்டம்பர் 18 அன்று வெளியுறவுச் செயலர் ஜெய்சங்கர் காத்மாண்டு போய், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். 507 உறுப்பினர்கள் ஏற்கெனவே ஆதரித்து வாக்களித்துவிட்டார்கள், அறிவிப்பதற்கு நாளும் குறித்தாயிற்று. நாம் போன நேரம் அது. இரண்டு நாளில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. டெல்லியின் அறிக்கையில் வாழ்த்து என்ற சொல்லே இல்லை, கவனத்தில் கொண்டோம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு பீகார் எல்லையில் உள்ள ரக்சாலில் லாரிகள் நின்றன. ரக்சாலுக்கும் பீர்கஞ்சுக்கும் நடுவே உள்ள மிதேரி பாலத்தில் மாதேசிப் போராட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓட்டுநர்கள் போகப் பயப்படுகிறார்கள் என்றது டெல்லி. பாலத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தது உண்மை. போராட்டமே இல்லாத வாசல்களிலும் வண்டிகள் ஏன் ஊர்ந்தன என்று நேபாளிகள் கேட்டதற்கு நம்மிடம் நம்பும்படியான பதில் இல்லை. காத்மாண்டுவில் பெட்ரோலுக்கு இரவெல்லாம் வரிசை. எரிவாயு உருளையில் பாதி நிரப்பிக் கொடுத்தார்கள். நிலநடுக்கத்தில் வீடு போனவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் குளிரில் கிடந்த நேரத்தில் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் விறகு தேடி அலைந்தன. மருந்துக்கும் தட்டுப்பாடு. ஏறக்குறைய நாலரை மாதம் இப்படிப் போன பிறகு, 2016 பிப்ரவரியில் பிழைப்புக் கெட்டுப்போன எல்லையோர வியாபாரிகளே பாலத்தில் இருந்த கூடாரங்களைப் பிரித்துப் போட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன கிடைத்தது? அரசியலமைப்பில் ஒரு திருத்தம் வந்தது, அது போதாது என்று மாதேசிகளே சொன்னார்கள். மற்றபடி லாபமெல்லாம் கே.பி. சர்மா ஒலிக்குத்தான். அந்த அக்டோபரில் பிரதமரான அவர், முற்றுகைக்கு மண்டியிடாதவர் என்ற பெயரை வைத்தே அரசியல் செய்தார். 2016 மார்ச்சில் பெய்ஜிங் போய்ச் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். 2017 தேர்தலில் அவருடைய இடதுசாரிக் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு இடங்களை நெருங்கியது. 2019-இல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்குப் பெட்ரோலியக் குழாய் போட்டு முடித்தபோது மோடியோடு சேர்ந்து அதைத் தொடங்கி வைத்த நேபாளப் பிரதமரும் அதே ஒலிதான். டெல்லி அதிகாரிகள் அன்று எந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்களோ!

இந்த இடத்தில் நீங்கள் 1950-ஐ எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். மன்னர் திரிபுவன் காத்மாண்டுவில் உள்ள நம் தூதரகத்துக்குள் வந்து தஞ்சம் புகுந்தார். அவரை விமானத்தில் டெல்லிக்குக் கொண்டுவந்து, பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்டுவந்த ராணா குடும்பத்தோடு சமரசம் பேசி, அரியணையில் திரும்ப உட்காரவைத்தார் நேரு. நூறு ஆண்டு ராணா ஆட்சி முடிந்தது. அசல் வெற்றிதான். ஆனால் அன்று பேச வேண்டிய ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: ஒரு மன்னர், ஒரு ராணா பிரதமர், இந்தியச் சிறைகளில் நம் தலைவர்களைப் போலவே கிடந்து வந்த நேபாளி காங்கிரஸ் தலைவர்களான கொய்ராலாக்கள். எல்லோரையும் டெல்லிக்கு வரவழைத்துப் பேச முடிந்தது. பத்தே ஆண்டில், 1960 டிசம்பரில், திரிபுவனின் மகன் மகேந்திரா நாட்டின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரான பி.பி. கொய்ராலாவைப் பிடித்துச் சிறையில் போட்டார். கொய்ராலா நேருவுக்கு நெருங்கியவர், நம் விடுதலைப் போரில் சிறை சென்றவர். நேரு வருத்தம் தெரிவித்தார். கொய்ராலா எட்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார்.

நான் சொல்ல வருவது இதுதான். டெல்லிக்குச் செல்வாக்கு உண்டு. அது அரண்மனையிலும் கட்சி அலுவலகத்திலும் ராணுவத் தலைமையகத்திலும் இருக்கும் தெரிந்த மனிதர்கள் மேல் உள்ள செல்வாக்கு. கொந்தளிப்பு வரும்போது முதலில் அடித்துச் செல்லப்படுவது அந்தத் தெரிந்த மனிதர்கள்தான். அப்போது தொலைபேசியை எடுத்தால் யாரை அழைப்பது?

2006 ஏப்ரலைப் பாருங்கள். மன்னர் ஞானேந்திரா எல்லா அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டு ஓராண்டு ஆகியிருந்தது. ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் முந்தைய நவம்பரில் டெல்லியில் கூடி 12 அம்ச உடன்பாடு செய்துகொள்ள நம் அரசு இடம் கொடுத்திருந்தது; அது கெட்டிக்காரத்தனமான வேலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கண்டதும் சுட உத்தரவு இருந்தும் காத்மாண்டுவின் சுற்றுச்சாலையில் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். மன்னரிடம் பேச டெல்லி கரண் சிங்கை அனுப்பியது. காஷ்மீர் ராஜ வம்சத்தவர், அவர் மனைவி கடைசி ராணா பிரதமரின் பேத்தி. அரண்மனைக்குள் உரிமையோடு போகக்கூடியவர். வீதியில் இருந்தவர்களுக்கோ, மன்னரைக் காப்பாற்ற உறவுக்காரர் வந்திருக்கிறார் என்றுதான் பட்டது.

கரண் சிங் திரும்பியதும், ஏப்ரல் 21 அன்று, ஞானேந்திரா தொலைக்காட்சியில் தோன்றி, பிரதமராக ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், நிர்வாக அதிகாரத்தை விட்டுத்தருகிறேன் என்றார். டெல்லி உடனே வரவேற்றது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வரவேற்றன. மறுநாள் ஊரடங்கை மீறி மக்கள் நகரின் நடுப்பகுதியை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். இந்தியாவையும் சேர்த்துத் திட்டினார்கள். நேபாள மக்களின் விருப்பம் எதுவோ அதற்கே எங்கள் ஆதரவு என்று வெளியுறவுச் செயலர் ஷியாம் சரண் அவசரமாக விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மன்னராட்சியும் பலகட்சி ஜனநாயகமும் இரட்டைத் தூண்கள் என்று அத்தனை ஆண்டுகள் சொல்லிவந்த கொள்கை அந்த இரண்டு நாளில் காற்றில் போனது. ஏப்ரல் 24 இரவு மன்னர் நாடாளுமன்றத்தை மீட்டுக்கொடுத்தார். 2008 மே மாதம் மன்னராட்சியே போயிற்று. 1950-இல் தாத்தா திரிபுவன் தூதரகத்துக்குள் ஓடியபோது ராணாக்கள் அரியணையில் ஏற்றிவைத்த மூன்று வயதுக் குழந்தைதான் இந்த ஞானேந்திரா என்பது சரித்திரத்தின் குறும்பு.

இனி நீங்கள் கேட்ட 2025 செப்டம்பர். ஆகஸ்டு நடுவில் நம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி காத்மாண்டு போய் ஒலிக்கு அழைப்புக் கொடுத்தார். செப்டம்பரில் அவர் டெல்லி வருவதாக ஏற்பாடு. அதற்குள் அரசு 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியது. அமைச்சர் வீட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரப் படங்களைப் பார்த்து ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் 8-ஆம் தேதி நாடாளுமன்றத்தின் முன்னால் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றம், தலைமைச் செயலகமான சிங்க தர்பார், உச்ச நீதிமன்றம் எல்லாம் எரிந்தன. ஒலி பதவி விலகினார். டெல்லிக்கு வேண்டியவரான முன்னாள் பிரதமர் தேவுபாவை வீடு புகுந்து அடித்தார்கள். மாவோயிஸ்டுத் தலைவரும் முன்னாள் பிரதமருமான பிரசண்டாவின் வீடும் தப்பவில்லை. முப்பது ஆண்டுகளாக மாறி மாறி நாம் பேசிவந்த எல்லோரும் ஒரே பிற்பகலில் களத்தில் இல்லை. அடுத்த பிரதமர் யார் என்பதை இளைஞர்கள் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமரானார். அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று நம் தொலைக்காட்சிகள் குதூகலித்தன. படித்த ஊருக்காகவா அவரை உட்காரவைத்தார்கள்?

மிச்சமிருந்த ஒரே தொடர்பு ராணுவம். இரு நாட்டுத் தளபதிகளுக்கும் ஒருவர் படையில் மற்றவருக்குக் கௌரவ ஜெனரல் பட்டம் கொடுப்பது பழைய வழக்கம். தளபதி அசோக் ராஜ் சிக்டெலுக்கு 2024 டிசம்பரில்தான் டெல்லியில் அந்த மரியாதை நடந்தது. இளைஞர்களோடு பேசி வழிகண்டவர் அவர். படையையோ தூதரையோ அனுப்பாமல், அமைதி காக்கச் சொல்லிவிட்டு டெல்லி எட்ட நின்றதை நீங்கள் வேடிக்கை என்கிறீர்கள். 2006-இல் பட்டதிலிருந்து கற்றுக்கொண்டது என்கிறேன் நான்.

சீனா நுழைந்துவிடாதா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். 2020 டிசம்பரில் ஒலி நாடாளுமன்றத்தைக் கலைத்து ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி உடையப் பார்த்தபோது, பெய்ஜிங்கிலிருந்து சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் துணை அமைச்சர் ஒருவரே வந்து வீடு வீடாகப் பஞ்சாயத்து செய்தார். அப்படியும் ஒலியின் கட்சி உடைந்தேவிட்டது. பெய்ஜிங்கின் பிடிக்கும் அவ்வளவுதான் பலம்.

டாக்காவில் நடந்ததும் இதே கதையின் முற்றிய வடிவம். வங்கதேசப் பிரதமர் ஹசீனா ஒருவரை நம்பி மற்ற வாசல்களையெல்லாம் நாமே சாத்திக்கொண்டோம். 2024 ஆகஸ்டு 5 அன்று அவர் ஹிண்டன் விமானதளத்தில் வந்து இறங்கியபோது, டாக்காவில் நம்மோடு பேச மனமுள்ளவர்களைத் தேடவேண்டியிருந்தது. நாமே முன்னின்று பிறக்க உதவிய நாடு அது. 1975-லும் அங்கே ராணுவத்தில் சதி நடக்கிறது என்று நம் உளவுத்துறைத் தலைவர் காவ் எச்சரித்தும் அந்நாட்டை நிறுவிய தலைவரான முஜிப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகஸ்டு 15 அன்று குடும்பத்தோடு கொல்லப்பட்டார்.

இலங்கையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1987-இல் ஒப்பந்தம் போட்டுப் படையை அனுப்பினோம். அழைத்தவர் ஜெயவர்தனே, வெளியே போ என்றவர் பிரேமதாசா, யாரைக் காக்கப் போவதாகச் சொன்னோமோ அந்த மக்களே நம் படையிடம் பட்ட பாடு யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர்களும் திரும்பவில்லை. மாறாக 2022-இல் கொழும்பு கொந்தளித்தபோது யாரையும் தூக்கி நிறுத்தப் போகாமல், சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் எரிபொருளும் கொடுத்து ஒதுங்கி நின்றோம். கோத்தபய ஓடினார், நம் பெயர் கெடவில்லை.

உங்களுக்குக் கோபம் வரவேண்டிய இடம் வேறு. இரு நாடுகளும் 1950-இல் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தம் உட்பட எல்லாவற்றையும் திருத்துவது பற்றி ஆலோசிக்க 2016-இல் இரு நாடுகளும் சேர்ந்து எட்டுப் பேர் கொண்ட குழு அமைத்தன. நம் பக்கம் பகத் சிங் கோஷ்யாரி, அவர்கள் பக்கம் பேக் பகதூர் தாப்பா தலைமை. 2018-இல் ஒருமனதாக அறிக்கை எழுதி முடித்தார்கள். முதலில் இந்தியப் பிரதமரிடம், பிறகு நேபாளப் பிரதமரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. நம் பிரதமர் ஆண்டுக்கணக்கில் நேரம் ஒதுக்கவில்லை. 2022-இல் நான்கு ஆண்டுக்கு மட்டும் ராணுவத்தில் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்ததும், நான்கு ஆண்டு முடிந்து வெளியே வரும் இளைஞனை என்ன செய்வது என்று கேட்டு நேபாளம் கூர்க்கா ஆள்சேர்ப்பை நிறுத்திவைத்தது. மலைக் கிராமங்களில் ஓய்வூதியம் வாங்கும் லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய கூர்க்கா வீரர்கள்தான் அங்கே நமக்கு இருக்கும் உண்மையான மனிதத் தொடர்பு. அவர்கள் வீட்டு அடுத்த தலைமுறை இப்போது வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறது.

அடுத்த குரல்பதிவில் டெல்லியைத் திட்டுவதாக இருந்தால் இந்த இரண்டுக்காகவும் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்