நீ வந்ததும் பேச்சு நின்றுபோவதைப் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதவி உயர்வு வந்த செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் அதற்காகப் புலம்பியிருக்கிறாய். முதலில் என் வாழ்த்தைப் பிடி. உன் திறமைக்கு இது தாமதமாக வந்த பதவி என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்டுபிடிப்பதுதான் அவளுடைய முழுநேர வேலை. அவளும் உன்னை விசாரித்தாள்.

இனி உன் புலம்பலுக்கு வருகிறேன். "நான் அதே ஆள்தான், அவர்கள்தான் மாறிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். நேற்றுவரை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நீ வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள், சுமாரான வேடிக்கைப் பேச்சுக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், கூட்டத்தில் உன் திட்டத்தை ஒருவர்கூட எதிர்க்கவில்லை. இதில் மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. முதல் இரண்டையும் பழகிக்கொள்ளலாம்.

சூசன் ஃபிஸ்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1993இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு குழுவில் கவனம் எப்போதும் கீழிருந்து மேல்நோக்கியே போகும். காரணம் எளிமையானது. யாருடைய கையில் என் விடுமுறையும் சம்பளமும் இருக்கிறதோ, அவருடைய முகத்தைப் படிக்கத் தெரிந்தால்தான் எனக்குப் பிழைப்பு. என் முகத்தைப் படிக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எனவே மேலதிகாரி இன்று என்ன மனநிலையில் வந்திருக்கிறார் என்பது வாசலில் இருப்பவருக்குக்கூடத் தெரியும். வாசலில் இருப்பவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது மேலதிகாரிக்குத் தெரியாது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல, தெரியாமலே அவருடைய நாள் ஓடிவிடும் என்பதால். உனக்கும் இது நடக்கும். நடக்கத் தொடங்கியிருக்கலாம். "நான் அதே ஆள்தான்" என்று நீ உறுதியாகச் சொல்வதை நான் முழுதாக ஏற்காததற்கு இதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதே.

பதவி ஒருவருக்கு எதையெல்லாம் தருகிறது என்று பட்டியல் போடுபவர்கள், அது முதலில் எதைப் பறிக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கெட்ட செய்தி வந்துசேரும் வழியைத்தான் அது முதலில் அடைக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃபே தீவின் விமான நிலையத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். புறப்படுவதற்கு ஓடத் தொடங்கியிருந்த விமானத்தின் தலைமை விமானி, அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இன்னும் இருக்கிறதோ என்ற ஐயம் அவருடைய விமானப் பொறியாளருக்கு வந்தது. அதை அவர் கேட்கவும் செய்தார், ஆனால் கேள்வியாகத்தான் கேட்டார். தலைமை விமானி அடித்துச் சொன்ன பதிலுக்குப் பிறகு அந்த விமானி அறையில் யாரும் மறுபடி வாய் திறக்கவில்லை. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: பனி, வானொலித் தொடர்பில் குறுக்கீடு, சொற்களில் குழப்பம். இருந்தாலும் எனக்கு உறுத்துவது அந்தக் கேள்வியின் தொனிதான். "நிறுத்துங்கள்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "இன்னும் போகவில்லையோ?" என்று கேட்கவைப்பதுதான் பதவி இடைவெளி. அதற்குப் பிறகுதான் விமானிகளின் பயிற்சியில், கீழே இருப்பவர் மேலே இருப்பவரை மறுத்துப் பேசுவதும், மேலே இருப்பவர் அதைக் காதுகொடுத்துக் கேட்பதும் ஒரு பாடமாகவே சேர்ந்தது. பண்பு என்று விட்டுவிடாமல் பயிற்சியாக வைத்தார்களே, அதுதான் புத்திசாலித்தனம்.

உன் கூட்டத்தில் எவரும் எதிர்க்கவில்லை என்றால், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே. நீதான் முதலில் பேசினாய் என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. 2009இல் கேமரன் ஆண்டர்சன், கேவின் கில்டஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிறு குழுக்களுக்குக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தமாகப் பேசும் சுபாவம் உள்ளவர்களையே குழுவினர் திறமைசாலிகள் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் அல்லர். முந்திக்கொண்டு விடை சொன்னவர்கள், அவ்வளவுதான். முதலில் யாரோ ஒருவர் சொன்ன விடையே 94 விழுக்காடு முறை குழுவின் இறுதி விடையானது. ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத குழுவிலேயே இந்தக் கதி என்றால், வருடாந்தர மதிப்பீட்டில் கையெழுத்துப் போடும் நீ முதலில் பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். கடைசியில் பேசு. உனக்கு அது கடினம் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவள் நீ.

இன்னொன்று. நீ ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறாய்: பதவியும் இல்லை, கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார், ஆனால் அவர் தலையாட்டாமல் எந்தக் கோப்பும் நகர்வதில்லை என்று. அவரை உன் அதிகாரத்துக்குச் சவாலாகப் பார்க்கிறாய் என்று வரிகளுக்கு இடையில் தெரிகிறது. அவரை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

மிஷேல் க்ரோசியே என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர், அந்நாட்டு அரசின் புகையிலைத் தொழிற்சாலைகளில் ஆய்வு செய்து 1960களில் எழுதியதைப் படித்ததிலிருந்து இந்த விஷயத்தில் என் பார்வையே மாறிவிட்டது. அந்தத் தொழிற்சாலைகளில் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது: யார் எந்த இயந்திரத்தில், எவ்வளவு உற்பத்தி, யாருக்கு எப்போது உயர்வு என்று எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. விதியால் தீர்மானிக்க முடியாதது ஒன்றே ஒன்று, இயந்திரம் எப்போது பழுதாகும் என்பது. ஆகவே பழுது பார்ப்பவர்கள் அங்கே குறுநில மன்னர்களாக இருந்தார்கள். மேற்பார்வையாளர்களால் அவர்களை ஒன்றும் கேட்க முடியவில்லை. இயந்திரங்களின் வரைபடங்களும் பராமரிப்புக் குறிப்புகளும் தொழிற்சாலைகளிலிருந்து காணாமல்போயிருந்தன; அந்த அறிவு வாய்வழியாகவே பழைய ஆளிடமிருந்து புதிய ஆளுக்குப் போனது. பழுது எப்படிச் சரியானது என்று யாருக்கும் விளக்கவும் மாட்டார்கள். விளக்கிவிட்டால் கூலிக்காரர், விளக்காதவரை மன்னர்!

ரிச்சர்ட் எமர்சன் என்ற சமூகவியலாளர் 1962இல் இதையே ஒரு சூத்திரம்போல எழுதினார்: என்மீது உனக்குள்ள அதிகாரம் என்பது, நான் உன்னைச் சார்ந்திருக்கும் அளவு. எனக்கு வேண்டியது உன்னிடம் இருக்கவேண்டும், வேறெங்கும் கிடைக்காமலும் இருக்கவேண்டும். நியமன உத்தரவில் இருப்பது அதிகாரத்தின் ஒரு வகைதான். ஃப்ரெஞ்ச், ரேவன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1959இல் ஐந்து வகை பிரித்தார்கள்: பரிசு தரமுடிவது, தண்டிக்கமுடிவது, பதவியின் உரிமை, தொழிலறிவு, பிறர் தம்மை முன்மாதிரியாகக் கொள்வது. தகவல் கையில் இருப்பது என்று ஆறாவதை ரேவன் பிறகு சேர்த்தார். உனக்கு இப்போது உத்தரவோடு வந்தவை முதல் மூன்று. மூலையில் இருப்பவரிடம் இருப்பவை மற்றவை. உன்னிடமிருந்து எதையும் பறித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. நீ வருவதற்கு முன்பே வேறு கணக்கில் சேர்த்தது அது. இப்படிப்பட்ட ஒருவரை இடமாற்றம் செய்து பழிதீர்த்த அதிகாரிகளை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். கோப்பு அதன்பின்னும் நகரவில்லை, ஏன் நகரவில்லை என்று சொல்லவும் ஆளில்லை.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு வேடிக்கை. எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார், அடுத்தவரை இன்னும் நியமிக்கவில்லை. யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பதவிப் பட்டியலில் இரண்டாமவராக இருப்பவர் நாளுக்கு நாள் சுற்றறிக்கை விடுகிறார், யாரும் சட்டைசெய்வதில்லை. சிக்கல் வந்தால் எல்லோரும் ஓடுவது கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அமைதியான பெண்ணிடம். அவள் யாரையும் மிரட்டியதில்லை, தெரிந்ததை மறைத்ததும் இல்லை. பழுதுபார்த்தவர்களுக்கு நேர் எதிர். ஹென்ரிக், கில்-வைட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001இல் எழுதியதை அவளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அச்சத்தால் கிடைக்கும் உயர்வு, மதிப்பால் கிடைக்கும் உயர்வு என்று மனிதர்களிடம் இரண்டு வழிகள் உண்டு என்பார்கள். அஞ்சப்படுபவரிடமிருந்து ஆட்கள் விலகி நிற்பார்கள், மதிக்கப்படுபவரிடம் நெருங்கி வந்து கற்றுக்கொள்ளப் பார்ப்பார்கள். நம் பழைய கல்லூரி முதல்வரை நினைத்துப் பார், எந்த வகை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதிகாரம் மனிதர்களைக் கொடியவர்களாக்கிவிடும் என்று நீ பயந்து, அந்த ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைக் குறிப்பிட்டிருக்கிறாய். மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்து 1971இல் நடத்திய அதை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. காவலர்களாக நடித்த மாணவர்கள் தாமாகவே கொடியவர்களானார்கள் என்றுதான் பல காலம் சொல்லிவந்தார்கள். கடுமையாக நடந்துகொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்பது பின்னால் ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னால் மனிதர்கள் எதுவரை கீழ்ப்படிவார்கள் என்று பார்த்த மில்கிராமின் சோதனை எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது, ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதிக்காக அல்ல. 40 பேரில் 26 பேர், உத்தரவு வந்ததால் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள் என்பது பிரபலமான பகுதி. அதே சோதனையை வேறு விதமாகவும் நடத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் "இதற்குமேல் மாட்டோம்" என்று எழுந்துவிட்டபோது, கடைசிவரை போனவர்கள் 40க்கு 4 பேர் மட்டும். பார்க்கிறாயா, உத்தரவு போட்டவரின் சாம்பல் நிறக் கோட்டுக்கு இருந்த பலம் முழுவதும், கூட இருந்தவர்கள் வாய்மூடி இருந்ததில்தான் இருந்தது. ஆகவே உன் பிரிவில் எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஒருவர் இருந்தால் அவரைக் காப்பாற்று. அவர் பேசினால்தான் இரண்டாமவர் பேசுவார்.

சும்மா மனவருத்தம் என்று தள்ளிவிடக்கூடிய சமாச்சாரமும் இல்லை இது. பிரிட்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், கீழ்மட்டப் பணியிலிருந்த ஆண்கள் இதயநோயால் இறந்த விகிதம் மேல்மட்ட அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. எல்லோருமே நிலையான வேலையில் இருந்தவர்கள். புகைபிடித்தல், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல்லுரிமை இல்லாமலிருப்பது இதயத்தையே பாதிக்கிறது என்பது 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் வெளிப்பட்டது. உன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு உன்னால் கொடுக்கமுடிவதிலேயே பெரியது அந்தச் சொல்லுரிமைதான். பாராட்டுப் பத்திரம் எல்லாம் அதற்குப் பிறகு.

"நான் ஒருத்தி மாறினால் இந்த இடம் மாறிவிடுமா?" என்று கேட்டிருக்கிறாய். மனிதர்களைப் பற்றி எனக்குத் துணிச்சலாகப் பதில் சொல்ல வரவில்லை. குரங்குகளைப் பற்றிச் சொல்கிறேன். கென்யாவில் ராபர்ட் சபோல்ஸ்கி என்ற உயிரியலாளர் கவனித்துவந்த பபூன் குரங்குக் கூட்டம் ஒன்றில், 1980களில், சுற்றுலா விடுதியின் குப்பையில் கிடைத்த இறைச்சிக்காகச் சண்டைபோட்டுக்கொண்டு போன முரட்டு ஆண்கள் காசநோய் தொற்றி இறந்துபோயின. சாதுவானவை மிஞ்சின. கூட்டத்தில் கடியும் விரட்டலும் குறைந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால் அந்த ஆண்கள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. ஆனாலும் அமைதி அப்படியே இருந்தது! புதிதாக வந்தவை அந்த இடத்து வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. உன் பிரிவில் காசநோய் வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் அந்த முரட்டு ஆண்கள் என்று நீ எழுதியிருந்த விவரத்தைப் படித்தபோது ஒரு கணம் ஆசை வந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் மூலையில் இருப்பவரிடம் முதலில் கேட்டுப் பார். "சம்மதமா?" என்று கேட்காதே, "இது எங்கே முறியும்?" என்று கேள். என்ன சொன்னார் என்பதை விவரமாக எழுது. உன் திட்டத்தின் நகல் ஒன்றையும் கடிதத்தோடு வைத்து அனுப்பு. விடுமுறை, மதிப்பீடு, உயர்வு என்று உன்னிடமிருந்து எனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி