இலை சிவக்கும் மாதத்தில் அப்பாவுக்கு

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும், அக்கா, மாமா, குட்டிப்பயல் எல்லோரும் சுகம்தானே?

அப்பா, ஆனி கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம் ஜூலை முடிவதற்குள் வந்துவிட்டது. எட்டு வாரமாக அடுப்பு மேடையில் உப்பு டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. தினமும் கண்ணில் படும், நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிடுவேன். இன்று மகாளய அமாவாசை. தாத்தாவுக்குப் படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்திருப்பீர்கள் என்று காலையில் நினைத்ததும் மனசு கேட்கவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் காதில் விழுவதில்லை. "சாப்பிட்டியா சாமி" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் குரல் எனக்கு முழுசாகக் கேட்பது கடிதத்தில்தான். அதற்குப் பதில் போடாமல் இருந்தது என் தப்பு.

இதைப் படம் எடுத்து அக்கா போனுக்கும் அனுப்புகிறேன். தபால் வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், உங்கள் பதில் எனக்கு அதற்குள் வேண்டும். அக்டோபர் 8, புதன்கிழமை, மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன் அப்பா. இலை பார்க்க.

இங்கே மரங்கள் நிறம் மாற ஆரம்பித்துவிட்டன. நாஷுவா தெற்கே, தாழ்வான இடம். வடக்கே மலையில் குளிர் முதலில் இறங்குவதால் அங்கே அக்டோபர் முதல் இரண்டு வாரத்தில் காடு முழுக்கச் சிவந்துவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ குடும்பத்தோடு வருகிறார்கள். அக்டோபரில் இரண்டாவது திங்கள்கிழமை அரசு விடுமுறை. அந்த மூன்று நாளும் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும், அறை வாடகையும் எங்கேயோ ஏறிவிடும். அதனால்தான் புதன்கிழமை. விடியற்காலை கிளம்பி ராத்திரியே திரும்பிவிடுவேன். லீவு பற்றிக் கவலை வேண்டாம், இந்த மாதம் எனக்கு வேலை நேரம் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது.

பாதையைச் சொல்கிறேன், நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, கான்கார்ட் ஊர் தாண்டி 93ஆம் எண் நெடுஞ்சாலையில் நேர் வடக்கே. இரண்டு மணி நேரத்தில் லிங்கன் என்ற சின்ன ஊர். அங்கிருந்து கான்வே வரை 112ஆம் எண் சாலை. கான்கமாகஸ் சாலை என்பார்கள். இந்த மண்ணின் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர் அது. 34 மைல், நம் கணக்கில் 55 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் காடு. நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது. லிங்கனிலேயே டேங்கை நிரப்பிவிடுவேன், காகித வரைபடம் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். வழியில் சாபடே என்றொரு அருவி. கிளியூர் அருவிக்கு இறங்குகிற மாதிரி முட்டி வலிக்காது, கொஞ்ச தூர நடைதான். கான்வே போகும் முன் 1858இல் கட்டிய மரப் பாலம் ஒன்று, மேலே கூரை போட்டது. மழையிலும் பனியிலும் பாலத்து மரம் இற்றுப்போகாமல் இருக்கத்தான் அந்தக் கூரை.

அந்தச் சாலையின் உச்சி 2,855 அடி. நம் ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி! இதைப் படித்ததும் நீங்கள் மீசையைத் தடவிக்கொள்வீர்கள் என்று தெரியும். கொண்டை ஊசி வளைவும் பேர் சொல்லும்படி ஒன்றுதான் இருக்கிறது. வரைபடத்தில் அதன்மேல் விரலை வைத்தபோது, உங்கள் பஸ்ஸில் என்ஜின் பானெட் பக்கத்தில் சாக்கு போட்டு உட்கார்ந்து 1/20, 2/20 என்று பலகையை எண்ணிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. பதினொன்றைத் தாண்டி நான் முழித்திருந்ததே இல்லை. தூங்கி விழாமல் உங்கள் துண்டால் என்னைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவீர்கள். பானெட் சூட்டில் டீசல் வாசமும், மேலே போகப் போக ஜன்னல் வழியே வரும் ஈரமண் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். அந்தச் சூடு இங்கே எந்த ஹீட்டரிலும் வராது.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்று புது டிரைவர்களிடம் சொல்வீர்களே, அதை எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. எல் என்று ஓர் எழுத்து இருக்கிறது, அதில் போட்டால் என்ஜின் பிடியிலேயே வண்டி இறங்கும் என்கிறார்கள். அதை மட்டும் நம்பலாமா, பிரேக்கும் விட்டு விட்டுப் போட வேண்டுமா?

டயர் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் நுழைத்துப் பார்ப்பார்கள். நாணயத்தில் இருக்கும் ஜனாதிபதி லிங்கனின் தலை முழுசாகத் தெரிந்தால் டயர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முன் டயர் இரண்டிலும் தெரிந்தது, மாற்றிவிட்டேன். ஏற்கெனவே ஓடிய டயர்தான், ஆனால் பட்டன் நன்றாக இருக்கிறது. பின் டயர் தேறிவிட்டது.

வாஷிங்டன் மலைக்கும் போகலாமே என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். 6,288 அடி, இந்தப் பக்கத்தில் அதுதான் பெரிய மலை. 1934இல் அதன் உச்சியில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று அடித்ததை அளந்திருக்கிறார்கள். மேலே வரை கார் ஏறத் தனிச்சாலை இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். பழைய வண்டியின் பிரேக்கை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏற்காட்டில் காட்டெருமை குறுக்கே வருவதுபோல அங்கே மூஸ் வரும். மான் இனம்தான், குதிரையைவிட உயரம். கால் நீளம் என்பதால் கார் மோதினால் உடம்பு நேராகக் கண்ணாடிமேல் விழும். அந்திவேளையில்தான் அதிகம் சாலைக்கு வருமாம். அக்டோபரில் ஆறேகாலுக்கே சூரியன் இறங்கிவிடும், அதனால் நான்கு மணிக்குள் காட்டைத் தாண்டிவிடுவேன்.

கடிதத்தில் கேட்டிருந்தீர்கள்: ஏற்காட்டிலும்தான் குளிர்கிறது, அங்கே ஏன் இலை சிவக்கவில்லை? நானும் தேடிப் படித்தேன். இங்கே முதலில் வேலை செய்வது பகல் குறைவதுதான் அப்பா. டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம் சொச்சம்தான், தண்ணீரும் உறைந்துவிடும். அந்தக் குளிரில் மெல்லிய இலையை வைத்துக்கொண்டு மரத்தால் பிழைக்க முடியாது. பகல் குறைவதை வைத்தே மரம் தெரிந்துகொண்டு, பச்சையத்தை உடைத்து அதிலிருக்கும் சத்தைக் கிளைக்கு இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் கோடையிலிருந்தே இலைக்குள் இருந்ததுதான், பச்சை போனதும் தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து இந்தச் சில வாரங்களில் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறையாத அளவு குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக வரும். ஒருபக்கம் காம்பின் அடியில் தடுப்பு கட்டிக்கொண்டே, விழப்போகிற இலைக்கு மரம் புதுச் சாயம் காய்ச்சுகிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இந்த மேப்பிள் மரத்தில்தான் மாசி பங்குனியில் துளை போட்டுச் சாறு இறக்குவார்கள். நாற்பது லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சுகிற மணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் தோசைக்குத் தொட்டுக்கொண்டால் குட்டிப்பயலுக்குப் பிடிக்கும், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நான் தனியாகப் போகிறேனோ என்று அம்மா பயப்பட வேண்டாம். அறைத்தோழிகள் இருவரும் வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டார்கள், அவர்கள் வரவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி வருகிறார். வீடியோவில் அம்மா பார்த்தாளே, சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தவர். 81 வயது. அவரும் டிரைவர்தான் அப்பா, மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நீங்கள் மலைவண்டி ஓட்டியவர் என்று சொன்னதிலிருந்து உங்களை விசாரிக்காத நாளில்லை. தெருமுனை மேப்பிளில் முதல் இலை எந்தத் தேதியில் சிவந்தது என்று கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறார். மழை குறைந்த வருஷத்தில் சீக்கிரமே காய்ந்து உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. காலையில் நான் எழுவதற்குள் அன்றைக்கு விழுந்ததில் நல்ல இலை ஒன்றை என் கார் வைப்பரில் செருகிவிட்டுப் போவார். ஒரு நாளும் தப்பியதில்லை. நான் அதை அரிசி மூட்டைக்குக் கீழே தட்டையாக வைக்கிறேன். கணவர் போன பிறகு அவர் அந்த மலைப்பக்கம் போகவேயில்லையாம். வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி சொல்லும் வேலை தனக்கு என்று இப்போதே சொல்லிவிட்டார்.

சாப்பாட்டுக்கு அம்மாவின் புளிக்காய்ச்சல்தான். பாட்டில் அடியில் வழித்தால் இரண்டு பேருக்கு வரும். பாட்டிக்காக ஒரு பங்கைக் காரம் குறைத்துக் கிளறுவேன். வாசலுக்கு வாசல் பூசணி அடுக்கிவிட்டார்கள். அக்டோபர் 31க்குக் கண்ணும் வாயும் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பார்கள். பாட்டி கொடுத்த சின்னப் பூசணியில் புளிக்குழம்பு வைத்தேன், நான்கு நாளைக்கு வந்தது. வெளியில் வாங்கித் தின்பதை விட்டதிலிருந்து உடம்பும் லேசாக இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைக்குக் கோட்டை அழகிரிநாதர் கோயிலில் கூட்டம் எப்படி? திரும்பி வரும்போது தட்டுவடை செட் வாங்கினாளா அம்மா? பீட்ரூட்டும் காரட்டும் இங்கே கிடைக்கிறது, அந்தத் தட்டை கிடைக்காது.

குளிர் இரவில் ஆறு, ஏழு டிகிரிக்கு வந்துவிட்டது. ஹீட்டர் இன்னும் போடவில்லை, இரண்டு போர்வையே போதுமாக இருக்கிறது. காலை ஆறு நாற்பதுக்குப் பள்ளிப் பேருந்து எங்கள் தெருமுனையில் நிற்கும். ஏர் பிரேக் "புஸ்" என்று விடும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு. கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடப்பேன். கோரிமேட்டில் நம் தெருவைத் தாண்டும்போது நீங்கள் இரண்டு தடவை ஹாரன் அடிப்பீர்களே, கடைசி வண்டிக்குக்கூட, அது வரும் வருமென்று காத்துக்கொண்டே இருப்பேன். வராது என்று எனக்குத் தெரியும் அப்பா. இருந்தாலும் தினமும் காத்திருக்கிறேன்.

சரி, வீட்டு விஷயம்.

காது மெஷின் தீபாவளிக்கு என்று சொல்லியிருந்தேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பொங்கலுக்குள் நல்லதாகவே வாங்கிவிடலாம். அவசரத்தில் மட்டமானதை வாங்க எனக்கு மனசில்லை. அதற்குள் அக்காவோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காது பரிசோதனை செய்து சீட்டை வாங்கி வையுங்கள். அக்டோபர் பணம் இருபதாம் தேதிவாக்கில் வரும், பால்காரரிடமும் சீட்டுக்காரரிடமும் சொல்லி வைக்கச் சொல்லுங்கள் அம்மாவை.

சித்தப்பா கொண்டுவந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இடம், உயில் எழுதவில்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. ஆத்தாவும் இல்லாததால் உங்களுக்கு, சித்தப்பாவுக்கு, எடப்பாடி அத்தைக்கு என்று மூன்று சமபங்கு. அத்தை கேட்கவில்லை என்பதால் அவர் பங்கு இல்லாமல் போய்விடாது. அவருக்குச் சேர வேண்டியதை நாம் தின்றுவிட்டோம் என்ற பேர் உங்களுக்கு வேண்டாம். அவரிடம் போனில் பேசாதீர்கள், பஸ் ஏறி நேரில் போங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி மூவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, சர்வேயரை வைத்து அளந்து உட்பிரிவு போட்டுவிடலாம். கிணற்றுப் பக்கத்தைச் சித்தப்பா கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வாதாமரத்தை வெட்ட ஆள் சொல்லியிருப்பதாக அக்கா சொன்னாள். அளப்பதற்கு முன் வெட்ட வேண்டாம் அப்பா. தொட்டியில் இலை விழுகிறது என்றால் அந்தப் பக்கக் கொப்பை மட்டும் கழித்துக் கொடுங்கள். தை மாசியில் அது சிவந்து கொட்டும்போது அம்மா திட்டிக்கொண்டே கூடை கூடையாக அள்ளுவாள், நான் நடுவில் புகுந்து பெரியதாகப் பொறுக்கிச் செருப்பில்லாத காலில் கட்டிக்கொண்டு ஓடுவேன். நூறு மைல் தாண்டி நான் பார்க்கப் போகும் நிறம் நம் கொல்லையில் இருந்தது. இருக்கட்டும். மரம் நிற்கும் இடம் என் பங்காக வைத்துக்கொள்கிறேன், வேறெதுவும் எனக்கு வேண்டாம் என்று சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன்.

5ஆம் தேதிக்குள் அக்காவிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள்: எல் கியர் விஷயம், மூடுபனி வந்தால் எந்த விளக்கு போடுவது, இறக்கத்தில் பிரேக் சூடேறி வாசம் வந்தால் எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்று.

உங்கள்
சின்னப்பாப்பா