ஜகார்த்தா மக்களின் ஐயம் நியாயமானதே

ஆசிரியருக்கு வணக்கம்.

நெரிசலையும் மூழ்கும் அபாயத்தையும் காரணம் காட்டி, இந்தோனேசியாவின் தலைநகரை ஜகார்த்தாவிலிருந்து போர்னியோ தீவிலுள்ள கிழக்குக் கலிமந்தான் மாகாணத்துக்கு மாற்றும் திட்டத்தை, 2019இல் அது அறிவிக்கப்பட்டது முதல் பலர் ஐயத்துடன் பார்ப்பதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. இடம் மாறுவது அரசு அலுவலகங்கள்தாம். வடக்குக் கரையோர மீனவர்கள் உட்பட ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அங்கேயேதான் இருக்கப்போகிறார்கள்.

கடல் மட்ட உயர்வு உண்மைதான். ஆயினும், அந்நகரம் மூழ்குவதற்கு அதைவிடப் பெரிய காரணம், குழாய் நீர் போதாத நிலையில் வீடுகளும் ஆலைகளும் நிலத்தடி நீரை வரம்பின்றி உறிஞ்சுவதால் நிலமே தாழ்ந்துகொண்டிருப்பதாகும். டோக்கியோவும் இவ்வாறு தாழ்ந்த நகரமே. நீர் எடுப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பிறகு, 1970களில் அங்கே அந்தச் சரிவு பெருமளவு குறைந்தது. எஞ்சியிருப்போருக்குக் குழாய் நீர் எப்போது முழுமையாகக் கிடைக்கும் என்பதையே அரசு முதலில் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்