ஆட்டுக்காரர்களின் வாசலுக்குப் போனவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள லாரி மார்க்கர் அவர்களுக்கு,

வணக்கம். சிவிங்கிப்புலிகள் என்கிற சீட்டாக்களுக்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டும் உங்களுக்கு, ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்த ஒருவன் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஒரேகானில் நீங்கள் குட்டியிலிருந்து வளர்த்த காயாம் என்ற சிவிங்கிப்புலியை 1977-இல் ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குக் கூட்டிப்போனீர்கள். மனிதர் கையில் வளர்ந்த சிவிங்கிப்புலி வேட்டையாடக் கற்றுக்கொள்ளுமா என்று பார்ப்பதற்காகப் போன பயணம் அது. காயாம் கற்றுக்கொண்டது. ஆனால் அங்கே ஆடு மாடுகளை அடிக்கிறது என்று பண்ணைக்காரர்கள் அந்த இனத்தையே ஒழித்துக்கொண்டிருந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கில் போய்விட்டன.

அவர்கள் அதைச் செய்த விதத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. சாய்ந்து வளர்ந்த சில பெரிய மரங்களில் ஏறி, ஆண் சிவிங்கிப்புலிகள் தங்கள் வாடையை விட்டுச் செல்லும். மற்றவையும் மோப்பம் பிடித்து அங்கே வரும். அந்த மரத்தைச் சுற்றி முள்ளை வெட்டிப்போட்டு அடைத்து, ஒரே ஒரு வழி விட்டு, அந்த வழியில் கூண்டை வைத்துவிடுவார்கள். ஆட்டை அடித்தது எது, வாழ்நாளில் ஆட்டையே தொடாதது எது என்று கூண்டுக்குத் தெரியாது.

இதைப் பார்த்த பிறகும் நீங்கள் பண்ணைக்காரர்களை வெறுக்கவில்லை. 1990-இல், நமீபியா விடுதலை பெற்ற அதே ஆண்டில், சிவிங்கிப்புலி பாதுகாப்பு நிதியத்தைத் தொடங்கினீர்கள். கையிலிருந்ததை விற்றுவிட்டு அங்கேயே குடிபெயர்ந்தீர்கள். கூண்டு வைத்தவர்களின் வீடுகளுக்கே போய், அவர்களுடைய நஷ்டத்தைக் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். நமீபியாவின் சிவிங்கிப்புலிகளில் பெரும்பாலானவை சரணாலயங்களில் இல்லை. சிங்கமும் கழுதைப்புலியும் இருக்கும் இடத்தில் அவற்றுக்குப் பிழைப்பில்லை என்பதால் பண்ணை நிலங்களில்தான் வாழ்கின்றன. ஆகவே பண்ணைக்காரர் மனம் வைத்தால்தான் அவை பிழைக்கும்.

1994 முதல் நீங்கள் கொடுத்துவரும் காவல் நாய்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கங்கல், அனடோலியன் ஷெப்பர்ட் எனத் துருக்கியின் மேய்ச்சல் நிலத்து நாய்கள். நாய்க்குட்டிகளைப் பால்குடி மறந்த கையோடு பட்டியில் விட்டால், ஆடுகளோடேயே படுத்து எழுந்து, ஆடுகளைத் தன் கூட்டமாக நினைத்து வளர்கின்றன. எதிரி வந்தால் ஆட்டுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்று குரைக்கும். பெரும்பாலும் அதுவே போதும். ஓடுவதற்கென்றே அமைந்த மெல்லிய உடல் சிவிங்கிப்புலிக்கு. காலில் காயம் பட்டால் பட்டினிதான். அதனால் சண்டைக்கு நிற்காமல் விலகிப் போய்விடுகிறது. ஆடும் பிழைத்தது, அதுவும் பிழைத்தது.

என் தாத்தா ராமநாதபுரம் பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டு மேய்த்த கீதாரி. கிடையில் நரி புகுந்து குட்டியைத் தூக்கிப்போன மறுநாள் அவர் யாரிடமும் பேசமாட்டார் என்று அம்மா சொல்வார். சந்தையில் விற்றால் வீட்டுக்கு அரிசி வாங்கித்தரும் குட்டி அது. இந்த நஷ்டத்தை அறியாதவர்கள் காட்டு விலங்கின் மீது அன்பு வையுங்கள் என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். நீங்கள் சொன்னால் வராது.

உங்கள் நிதியத்துக்கு அனுப்ப நண்பர்களிடம் பணம் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். சிவிங்கிப்புலிக் குட்டியின் படத்தைக் காட்டினால் உடனே தருகிறார்கள். நாய்களை வளர்க்கவும் மருத்துவர் பண்ணைக்குப் போய்ப் பார்க்கவும் செலவாகும் என்றால் யோசிக்கிறார்கள். “சிவிங்கிப்புலிக்கு என்றுதானே கேட்டாய், நாய்க்கு எதற்கு?” என்றார் ஒருவர். அவருக்கு அந்த மரத்தையும் கூண்டையும் பற்றிச் சொன்னேன். இப்போதெல்லாம் படத்தைக் காட்டுவதற்கு முன்பே அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொகை குறைந்தாலும் பரவாயில்லை, எதற்குத் தருகிறோம் என்று தெரிந்து தரட்டும்.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தபோது நீங்களும் உடன் வந்தீர்கள். எங்கள் நாட்டில் அழிந்துவிட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்ட விலங்கு அது. குனோவுக்கு வந்தவற்றில் பிறகு சில இறந்தன, குட்டிகளும் பிறந்தன. காட்டுக்கு வெளியே வந்து ஆடு மாடுகளை அடித்ததாகவும், ஊர்மக்கள் கல்லெறிந்ததாகவும் செய்திகள் வந்தன. கல்லெறிந்தவர்களைத் திட்டி நிறையப் பேர் எழுதினார்கள். அந்த வீட்டில் எத்தனை ஆடு இருந்தது, எது போனது என்று கேட்டு எழுதியவர்கள் குறைவு.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்கள் குனோவுக்கு வந்தால், சியோப்பூர் பக்கத்து ஆட்டுக்காரர்களின் வாசலுக்கும் போங்கள். அதிகாரிகளையும் உடன் அழைத்துப் போங்கள். நமீபியாவில் கேட்டதைப் போலவே அவர்களிடமும் கேளுங்கள்.

மிக்க அன்புடன்,
ஒரு கீதாரியின் பேரன்