மருத்துவச்சி என்ற சொல்

குழித்துறை

அன்பு மக்களே,

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போய்விட்டது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கைக்குத் தாளில் எழுதுவதுதான் எளிது.

நீ பார்க்கச் சொன்ன பிபிசி தொலைக்காட்சி நாடகத்தை, லண்டனில் பேறு பார்க்கும் பெண்களின் கதையை, பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'கால் த மிட்வைஃப்' ஐந்தாவது தொடர்வரை வந்தாகிவிட்டது. பார்ப்பது நான் மட்டும் அல்ல. மேலவீட்டு மைனி, அவருடைய மருமகள், பாறசாலையிலிருந்து இங்கே வந்து குடியிருக்கிறாரே ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சேச்சி, ஆக நான்கு பேர். மாலை நான்கு மணிக்குக் கருப்பட்டிக் காப்பியோடு உட்கார்ந்தால், நாடகம் பார்க்கும் நேரத்தைவிட அதை நிறுத்தி வைத்துப் பேசும் நேரம்தான் அதிகம். ஆங்கிலம் பிடிபடாத இடங்களை நான் சொல்கிறேன். மருத்துவம் பிடிபடாத இடங்களைச் சேச்சி பாதி மலையாளத்தில் சொல்கிறார். அப்பா காப்பியை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார்.

கதை 1957இல் தொடங்குகிறது. அதே வருடம் கார்த்திகையில்தான் நான் பிறந்தேன். நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. லண்டனின் கிழக்கே, கப்பல் துறைமுகத்தை ஒட்டிய பாப்லர் என்ற ஏழைப் பகுதியில், பேறு பார்க்கும் வேலைக்காக ஜெனி லீ என்ற பெண் பெட்டியோடு வந்து இறங்குகிற காட்சியைப் பார்த்தபோது, இவள் அங்கே வந்து சேர்ந்த வருடத்தில் நம் வீட்டுக்கு என் அம்மாவுக்காக யார் வந்தார் என்ற நினைப்பு எழுந்தது. அந்த நினைப்பு பிறகு என்னை விடவே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எங்கள் பேச்சைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். மைனிக்கு, ஜெனியோடு வேலை பார்க்கும் சம்மியைத்தான் பிடித்திருக்கிறது. அவ்வளவு உயரமான பெண், சைக்கிள் ஓட்டத் தெரியாமல் தெருவில் விழுந்து எழுந்து கற்றுக்கொள்வதைப் பார்த்து, தன் சொந்த மகள் விழுந்ததுபோல் பதறினார். சேச்சிக்கு, அங்கே பேறு பார்க்கும் கன்னியாஸ்திரீ சிஸ்டர் இவான்ஜெலினா. கடுமையாகப் பேசி, கையால் அன்பு காட்டுகிறவர். தனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த நர்ஸும் அப்படியே இருந்தாராம். எனக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் முதிய ஜெனியின் குரல் வந்து, நாம் ஏற்கெனவே உணர்ந்ததை மறுபடியும் எடுத்துச் சொல்கிறது. அந்த நேரத்தில் கொஞ்சம் மௌனம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மைனி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குரல் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறார்.

வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதைப் பொருத்தி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார்கள் அல்லவா? பினார்ட் குழல் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதைப் பார்த்ததும் சேச்சி எழுந்து வீட்டுக்குப் போனார். தன் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அலுமினியக் குழல் ஒன்றை எடுத்துவந்தார். மைனியின் மருமகளுக்கு இது எட்டாம் மாதம். அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றைக் கையால் தடவி, பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கே குழலை வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, 142 என்றார். ஒருவர் பின் ஒருவராக நாங்களும் கேட்டோம். தூரத்தில் குதிரை ஓடுவதுபோல இருந்தது. மைனி பெற்றது மூன்று, நான் பெற்றது உன்னை. இருவருமே அந்த ஓசையை அதற்குமுன் கேட்டதில்லை. எங்கள் வயிற்றில் கேட்டவர்கள் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை.

முதல் அத்தியாயத்தில் வரும் கொஞ்சிட்டாவை நீ மறந்திருக்க மாட்டாய். ஸ்பானியப் பெண், இருபத்து நான்கு பிள்ளைகள், வயிற்றில் இருபத்து ஐந்தாவது. கணவனுக்கு ஸ்பானியம் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் மலையாளமும் ஒரே அடுக்களையில் புழங்குகிற நமக்கு அந்த வீடு புதிதாகப் படவில்லை. பிள்ளை குறைமாதத்தில் பிறந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்தவர்களிடம் அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. மார்போடு சேர்த்து அணைத்தே வைத்திருக்கிறாள். பிள்ளை பிழைக்கிறது. இதையே 1970களின் முடிவில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவர்கள் ஒரு முறையாக வகுத்தார்கள், நாங்களும் கங்காரு முறை என்று வார்டில் சொல்லிக்கொடுத்தோம் என்றார் சேச்சி. மைனி பேசவே இல்லை. அவருக்கு இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்து மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் பிள்ளையை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. அன்று அதற்குமேல் நாங்கள் பார்க்கவில்லை.

தாலிடோமைடு பற்றிய பகுதியைத்தான் இப்போது பார்த்து முடித்தோம். கை கால் வளராமல் பிறக்கிற சூசன். மசக்கை வாந்திக்கு நல்லதென்று நம்பி மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் டர்னரின் முகம். ஜெர்மனியில் 1957இலும் பிரிட்டனில் 1958இலும் விற்பனைக்கு வந்த மருந்து, 1961இன் கடைசியில்தான் நிறுத்தப்பட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படிப் பிறந்துவிட்டார்கள். அந்தத் தாய்மார்களுக்கு முதலில் தோன்றியது, நான் என்ன தவறு செய்தேன் என்பதுதான். இங்கேயும் எது நடந்தாலும் வயிற்றைச் சுமந்தவளையும் பேறு பார்த்தவளையும்தான் கேட்பார்கள்.

இனி, எழுத வந்ததற்கு வருகிறேன்.

போன வருடம், தீவிர சிகிச்சைப் பிரிவு வேலையை விட்டுவிட்டுப் பேறுகாலப் படிப்பில் சேரப்போகிறேன் என்று நீ சொன்னாய். 'இவ்வளவு படித்தது மருத்துவச்சி வேலைக்கா?' என்று கேட்டேன். நீ ஒன்றும் பதில் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து இந்த நாடகத்தின் பெயரை மட்டும் அனுப்பினாய். சம்மியின் அம்மா வந்து, மகள் சாதாரணப் போலீஸ்காரரைக் கல்யாணம் செய்யப்போகிறாளே என்று முகம் சுளிக்கும் இடத்தில் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அந்த முகம் என் முகம்.

அன்று நான் மருத்துவச்சி என்று சொன்னபோது என் மனதில் இருந்தது ஒரு தொழில் அல்ல, புறவாசல். என்னை எடுத்த அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். முடிதிருத்தும் குடும்பத்துப் பெண். வெள்ளை முண்டு, காதில் தொங்கும் தோடு, வெற்றிலை வாசம். ஓணத்துக்கும் அறுவடைக்கும் புறவாசலில் வந்து நிற்பார். ஒரு படி நெல்லும் பழைய துணியும் கொடுப்பார்கள். நோவு வந்த இரவில் மட்டும் வீட்டுக்குள் வரலாம். பனிக்குடம் உடைந்ததிலிருந்து நச்சுக்கொடி விழும்வரை அந்த வீட்டுக்கே அவர்தான் எஜமானி. பதினாறு நாள் வேதுக்குளி, அதாவது பெற்றவளுக்கு மருந்து வெந்நீர்க் குளியல், முடிந்ததும் மறுபடி புறவாசல். நடுத்திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த நாடகத்தில் பேறு முடிந்ததும் கை கழுவிவிட்டு, அந்த வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்ததே, நீ சின்னவளாக இருந்தபோது ஏறி உட்காருவாய், நான் இறக்கிவிடுவேன். ஏன் என்று சொன்னதில்லை. அது என் அம்மாவின் தங்கைக்காக வைத்த கல். பிள்ளை வயிற்றிலேயே தங்கி இறந்தவர். வயிற்றுச் சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் தலைச்சுமை இறக்கி வைக்கக் கல் நாட்டுவது நம் வழக்கம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வண்டி கட்டுங்கள், நெய்யூருக்குக் கொண்டுபோங்கள் என்று அந்த மருத்துவச்சிதான் மூன்று முறை சொன்னாராம். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இலேயே தொடங்கியது, எட்டாத தூரமும் அல்ல. ஆண்கள் விடியட்டும் என்றார்கள். விடிந்த பிறகு பழியை அவர்மேல் போட்டார்கள். பத்து வருடம் நம் வீட்டுக்கு அவரைக் கூப்பிடவில்லை. நான் பிறக்கும்போது வேறு யாரும் கிடைக்காமல் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். அந்தப் படியேறி உள்ளே வந்து என்னை எடுத்தார்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பேறு பார்த்த ஏழைப் பெண்களை இளக்காரமாகத்தான் பேசினார்கள் என்று நீ சொன்னாய். 1902இல் சட்டம் கொண்டுவந்து, பயிற்சியும் பதிவும் இருந்தால்தான் மிட்வைஃப் என்று ஆக்கினார்கள். நம் ராஜ்யத்திலும் ஒருவர் முயன்றிருக்கிறார். மேரி புன்னன் லூக்கோஸ், லண்டனில் மருத்துவம் படித்து 1916இல் திருவனந்தபுரம் தைக்காட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். மருத்துவச்சிகளின் பிள்ளைகளையே சேர்த்துப் பேறுகாலப் பயிற்சி நடத்தினார். 1938இல் திருவிதாங்கூர் மருத்துவத் துறைக்கே தலைவரானார். சேச்சி அவரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. அந்தப் பயிற்சி நம் ஊர் அம்மாள்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்குமேல் ஆஸ்பத்திரியில்தான். அந்தச் சுமைதாங்கிக் கல்லை நினைத்தால் அதற்கு ஆயிரம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான் உன்னைப் பெற்றதும் ஆஸ்பத்திரியில்தான். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். பதினான்கு மணி நேரம் தனியே கிடந்தேன். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அழுததற்குத் திட்டினார்கள். என் கையை யாரும் பிடிக்கவில்லை. நோவு எடுக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே முகம் வைத்து, 'இதோ இருக்கிறேன்' என்று ஜெனி சொல்லும்போது, இத்தனை வருடம் கழித்து எனக்கு அழுகை வந்தது. நீ செய்யப்போகும் வேலை அதுதானே? அதைத்தான் நான் குறைவாகப் பேசினேன். அது தவறு மக்களே. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. நீ பொறுத்துக்கொண்டாய் என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

இன்னொன்று. பாப்லரில் வந்த எல்லோரின் பெயரும் எனக்குத் தெரியும், ஜெனி, டிரிக்ஸி, சிந்தியா, சம்மி. என்னை எடுத்த அம்மாளின் பெயர் தெரியாது. மருத்துவச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நம் வீட்டில் இப்போது உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் எல்லாம் கேட்டுவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் சலூன் வைத்திருப்பவர் அவருடைய பேரன் என்று மைனி சொன்னதால் திங்கட்கிழமை போனேன். முதலில் அவர் சந்தேகமாகப் பார்த்தார். விவரம் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவருக்கும் பாட்டி என்றுதான் தெரியுமாம். நெய்யாற்றின்கரையில் ஓர் அத்தை இருக்கிறார், வயது எண்பதுக்குமேல், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று விலாசம் எழுதிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் களியக்காவிளை போய், அங்கிருந்து மாறிப் போகிறேன். சேச்சியும் வருகிறார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு முண்டும் மேலுக்கு நேரியதும் எடுத்து வைத்திருக்கிறேன், புதியது. பெயர் தெரிந்ததும் அன்று இரவே உனக்கு எழுதுகிறேன்.

சுக்கும் கருப்பட்டியும் அடுத்த வாரம் அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரவுப் பணி முடிந்து வந்தால் போட்டுக் குடி.

உன் அம்மா